விடுமுறையில் பள்ளியைத் திறப்பது எப்படி: கொங்கு நாட்டுத் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளுக்கு ஒரு வழிகாட்டி

2020-இல் ஒன்றாம் வகுப்பில் பெயர் எழுதப்பட்ட குழந்தை, 2021 நவம்பர் 1 அன்று, இரண்டாம் வகுப்பின் பாதியில்தான் முதன்முதலாகத் தன் வகுப்பறைக்குள் வந்து உட்கார்ந்தது. கொரோனா தொற்றால் 2020 மார்ச் நடுவில் மூடப்பட்ட பள்ளிகள் தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு ஏறத்தாழ 19 மாதங்கள் திறக்கவே இல்லை. 2022 ஜனவரியில் மறுபடியும் ஒரு மாதம் நேரடி வகுப்புகள் நின்றன. தொலைக்காட்சியிலும் கைபேசியிலும் பாடம் நடந்தது உண்மைதான். ஆனால் வீட்டிலிருந்த ஒரே கைபேசி காலையில் தந்தையோடு பனியன் கம்பெனிக்குப் போய்விடும் ஊர்களில், கடம்பூர், பர்கூர் போன்று சிக்னலே எட்டாத மலைக் கிராமங்களில், அந்தப் பாடம் யாரைச் சென்றடைந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பல்லடத்துக்கும் காங்கேயத்துக்கும் இடையில் உள்ள ஒரு சிற்றூர் நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாகவும் பிறகு தலைமை ஆசிரியையாகவும் இருந்து ஓய்வு பெற்றவள் நான். பள்ளிகள் திறந்த பிறகு கோடை விடுமுறையில் வகுப்பு நடத்தலாமா, கூடாதா என்ற கேள்வி எங்கள் ஊரிலும் எழுந்தது. அதைக் குறித்து இரு தரப்பிலும் கோபமாகப் பேசப்பட்டது. நடத்திப் பார்த்ததில் கற்றுக்கொண்டவற்றை, இனி இப்படி நடத்த நினைக்கும் ஆசிரியர்களுக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவினருக்கும் பயன்படும் வகையில் எழுதுகிறேன். அன்று ஒன்றாம் வகுப்பைத் தவறவிட்ட பிள்ளைகள் இன்று நடுநிலை வகுப்புகளை எட்டிவிட்டார்கள். அவர்களில் உயிர்மெய் எழுத்து வாசிக்கத் திணறுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆகையால் இது பழைய கதை அல்ல.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விடுமுறையில் பள்ளியைத் திறக்கலாம். ஆனால் அது வாசிப்பிலும் கணக்கிலும் அடிப்படை தவறிய சில பிள்ளைகளுக்காக, சில காலைப்பொழுதுகளுக்கு மட்டும் இருக்க வேண்டும். எல்லாப் பிள்ளைகளையும் வரச் சொல்லி அடுத்த ஆண்டுப் பாடநூலைப் பிரித்து வைப்பதற்காகத் திறக்கக் கூடாது.

திறக்கத்தான் வேண்டுமா என்று முடிவு செய்தல்

முடிவெடுப்பதற்கு முன் பிள்ளைகளை ஒவ்வொருவராக வாசிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். தேர்வு மதிப்பெண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள். பக்கத்து மாணவனைப் பார்த்து எழுதிய விடையும், மனப்பாடமாகச் சொன்ன செய்யுளும் வாசிக்கத் தெரிந்ததற்குச் சான்று ஆகா. மார்ச் கடைசி வாரத்தில், மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை உள்ள ஒவ்வொரு பிள்ளையையும் மரத்தடியில் தனியாக உட்கார வைத்து, தனி எழுத்துகள், எளிய சொற்கள், நான்கு வரிப் பத்தி, இரண்டாம் வகுப்பு நிலையிலான ஒரு சிறு கதை என்ற வரிசையில் வாசிக்கச் செய்யுங்கள். கணக்கில் இரண்டு இலக்க எண்களை அடையாளம் காணுதல், கடன் வாங்கிக் கழித்தல், ஓர் இலக்கத்தால் வகுத்தல் ஆகிய மூன்றும் போதும். ஒரு பிள்ளைக்கு ஐந்து முதல் பத்து நிமிடம் ஆகும். எவர் எந்த இடத்தில் நின்றார் என்பதை ஒரு நோட்டில் பெயருக்கு நேரே எழுதிக்கொள்ளுங்கள். இந்த நோட்டுதான் பின்னால் எல்லாவற்றுக்கும் ஆதாரம்.

இந்த முறை நான் கண்டுபிடித்ததன்று. ஏசர் என்று அழைக்கப்படும் கிராமப்புறக் கல்வி ஆய்வு பல ஆண்டுகளாக இப்படித்தான் வீடு வீடாகச் சென்று பிள்ளைகளை வாசிக்கக் கேட்கிறது. தமிழ்நாட்டில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கக்கூடிய மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 2018-இல் 10.2 விழுக்காடாக இருந்து 2022-இல் 4.8 விழுக்காடாகக் குறைந்தனர் என்று அந்த ஆய்வு சொன்னது. தொற்றுக்கு முன்பே நிலைமை நன்றாக இல்லை என்பதையும் சேர்த்தே அந்த எண்களில் படிக்க வேண்டும்.

நோட்டு நிரம்பிய பிறகு எண்ணிப் பாருங்கள். கதையை வாசிக்க முடியாதவர்கள் பள்ளி முழுவதிலும் ஐந்து பேருக்குள் இருந்தால், அதற்காகப் பள்ளியைத் திறக்க வேண்டியதில்லை. ஊரிலேயே இருக்கும் படித்த பெண் ஒருவரின் வீட்டுத் திண்ணையில் மாலையில் ஒரு மணி நேரம் போதும். மாறாக, ஒரு வகுப்பில் பாதிப் பேருக்கு வாசிக்க வரவில்லை என்றால், அதை இருபது நாள் விடுமுறை வகுப்பில் சரிசெய்துவிடலாம் என்று நம்புவது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம். அந்த வகுப்பின் அன்றாடக் கால அட்டவணையையே ஜூன் முதல் மாற்ற வேண்டும். இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள நிலையில்தான் விடுமுறை வகுப்பு பயன் தரும்.

இங்கே ஓர் ஆய்வைக் குறிப்பிட வேண்டும், ஏனெனில் அது நம் மாநிலத்திலேயே நடந்தது. அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய மூவரும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்தார்கள். 2021 டிசம்பரில் பெரிய பின்னடைவு இருந்தது. அது மொழியைவிடக் கணக்கில் அதிகம். ஆனால் பள்ளிகள் திறந்து ஆறு மாதத்துக்குள் அந்தப் பின்னடைவில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. மீட்சியில் ஏறத்தாழ 24 விழுக்காடு, அரசு தன்னார்வலர்களைக் கொண்டு நடத்திய இல்லம் தேடிக் கல்வி மாலை வகுப்புகளால் வந்தது என்றும் அவர்கள் கணக்கிட்டார்கள். இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டவை இரண்டு. பெரும்பாலான பிள்ளைகள் வழக்கமான பள்ளி நடந்தாலே எழுந்துவிடுவார்கள். அவர்களுடைய விடுமுறையைப் பறிக்கக் காரணம் இல்லை. எழாமல் நின்றுவிட்ட மீதிப் பிள்ளைகளுக்குக் கூடுதல் நேரம் கொடுத்தால் பலன் கிடைக்கும்.

அவர்கள் தாமாகவே பிடித்துக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு பாடம் இருக்கிறது. 2005-இல் பாகிஸ்தானின் வடபகுதியில் நிகழ்ந்த நிலநடுக்கத்துக்குப் பின் அங்கே பள்ளிகள் சராசரியாக 14 வாரங்களே மூடியிருந்தன. நான்கு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, நிலம் பிளந்த கோட்டுக்கு அருகே வாழ்ந்த பிள்ளைகள் ஒன்றரை ஆண்டுப் படிப்பு அளவுக்குப் பின்தங்கியிருந்தார்கள். பள்ளி திறந்த பிறகும் பின்னடைவு வளர்ந்திருக்கிறது என்றுதான் இதற்குப் பொருள். வகுப்பு முன்னே போய்க்கொண்டிருக்க, அடிப்படை தெரியாத பிள்ளை பின்வரிசையில் பேசாமல் உட்கார்ந்திருந்தால் வேறென்ன நடக்கும்.

அனுமதியும் ஒப்புதலும்

மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போடாமல் தொடங்காதீர்கள். கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். எனவே அந்தக் கூட்டம் வெறும் கையெழுத்துக்கான கூட்டமாக இருக்கத் தேவையில்லை. தீர்மானத்தில் நாள்கள், நேரம், எத்தனை பிள்ளைகள், யார் நடத்துவது, உணவு உண்டா, பள்ளிச் சாவி யாரிடம் இருக்கும் என்ற அனைத்தையும் எழுதி, வட்டாரக் கல்வி அலுவலரிடம் கொடுத்து எழுத்தில் அனுமதி பெறுங்கள். கோடையில் சிறப்பு வகுப்பு நடத்தக் கூடாது என்று கல்வித் துறை பல ஆண்டுகளில் அறிவுறுத்தியிருக்கிறது. நாமக்கல் போன்ற இடங்களில் பொதுத் தேர்வு மதிப்பெண்ணுக்காக ஓய்வே இல்லாமல் பிள்ளைகளை விரட்டிய பழக்கத்தை நினைத்தால் அந்த அறிவுறுத்தலின் நியாயம் புரியும். நாம் நடத்துவது அதுவன்று என்பதை விண்ணப்பத்திலேயே தெளிவாக எழுத வேண்டும்.

ஆசிரியர்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது. தொற்றுக் காலத்தில் தேர்தல் பணி, வீடு வீடாகக் கணக்கெடுப்பு, பாடநூலும் உலர் உணவுப் பொருளும் வழங்குதல் என்று அலைந்தவர்களும் அவர்கள்தாம். விருப்பமுள்ளவர் மட்டும் பெயர் கொடுக்கட்டும். பணியாற்றிய நாள்களுக்கு ஈடாக விடுப்பு உண்டா, மதிப்பூதியம் உண்டா என்பதையும் அனுமதிக் கடிதத்திலேயே கேட்டுப் பெற்றுவிடுங்கள். வாய்ச்சொல்லை நம்பித் தொடங்கி, பிறகு மனக்கசப்போடு முடிந்த வகுப்புகளை நான் அறிவேன். 2008 ஜூனில் பீகார் அரசு, அரசுப் பள்ளி ஆசிரியர்களைக் கொண்டே பள்ளிக் கட்டடங்களில் ஒரு மாதக் கோடை வகுப்பு நடத்தியபோது அவர்களுக்குத் தனியே ஊதியம் கொடுத்தது. மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை பின்தங்கிய பிள்ளைகளுக்காக மட்டும் நடந்த அந்த வகுப்பில் வாசிப்பும் கணக்கும் கணிசமாக உயர்ந்ததை ஆய்வாளர்கள் அளந்து சொல்லியிருக்கிறார்கள். ஆசிரியர் அதே ஆசிரியர்தான், கட்டடமும் அதேதான். பாடநூலை ஒதுக்கிவைத்துப் பிள்ளையின் நிலையிலிருந்து தொடங்கியதே மாற்றம்.

பெற்றோரிடம் ஒப்புதல் கேட்கும்போது சுற்றறிக்கை அனுப்பாமல் வீட்டுக்குப் போங்கள். நான் போன முதல் வீட்டிலேயே அந்தத் தாய் கேட்டார்: “ஏனுங்க டீச்சர், லீவுலயும் வரச் சொன்னா அவனுக்கு எப்பத்தானுங்க ஓய்வு? அப்புச்சி ஊட்டுக்குப் போறதுக்கு வருசத்துல இந்த ஒரு மாசந்தானுங்களே இருக்குது.” அவர் கேட்டது முற்றிலும் நியாயமானது. தாய்வழித் தாத்தாவான அப்புச்சியின் வீட்டுக் கிணற்றில் நீந்தக் கற்பதும், பாட்டியான அம்மாயியோடு சந்தைக்குப் போவதும், மாரியம்மன் நோம்பிக்குக் கம்பத்தைச் சுற்றி ஆடுவதும் பிள்ளைக்குச் சேர வேண்டியவை. அவற்றை எடுத்துக்கொண்டு எழுத்தைக் கொடுத்தால், எழுத்தின் மேலேயே அவனுக்கு வெறுப்பு வரும். அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துதான் எங்கள் கால அட்டவணையை மாற்றி எழுதினேன்.

நாளும் நேரமும்

இருபது நாள்களைத் தொடர்ந்து வைக்காதீர்கள். ஆண்டுத் தேர்வு முடிந்த மறுவாரமே தொடங்கி, மே 4 அன்று கத்திரி வெயில் பிறப்பதற்குள் பத்து நாள் நடத்துங்கள். பிறகு மே மாதத்தின் பெரும்பகுதியைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள். கத்திரி முடியும் தறுவாயில், பள்ளி திறப்பதற்கு முந்திய பத்து நாள் மீண்டும் கூடுங்கள். பத்து நாளாகப் பிரித்து நடத்துவதால் பலன் குறையாது. உத்தரப் பிரதேசத்தில் 2013-14-இல் பத்து நாள் முகாம்கள் நான்காகவும், இருபது நாள் முகாம்கள் இரண்டாகவும் பிரித்து நடத்திப் பார்த்தபோது இரண்டு முறைகளிலும் பிள்ளைகள் நன்றாகவே முன்னேறினார்கள். இரண்டாவது பத்து நாளில் இன்னொரு நன்மையும் உண்டு. இடைவெளியில் எது மறந்துபோயிற்று என்பது தெரியும். மறந்தது சரியாகப் பதியாதது என்று கொண்டு அங்கிருந்தே தொடங்கலாம்.

நேரம் காலை எட்டு மணி முதல் பத்தரை வரை. அதற்கு மேல் ஒரு நிமிடமும் வேண்டாம். ஈரோடு, கரூர், சேலம் பக்கங்களில் சித்திரை வெயில் பதினொரு மணிக்கே ஓட்டுக் கட்டடத்தைச் சூளையாக்கிவிடும். வால்பாறையிலும் தாளவாடியிலும் வெயில் அவ்வளவு இல்லை. ஆயினும் அங்கே பிள்ளைகள் நடந்து வரும் வழியில் யானை நடமாட்டம் உண்டு என்பதால் எட்டு மணி வகுப்பை ஒன்பதாக்க வேண்டியிருக்கும். ஊர் மாரியம்மன் பொங்கல், கிடாவெட்டு, உறவில் கல்யாணம் ஆகியவற்றைப் பெற்றோரிடம் முன்பே கேட்டு அட்டவணையில் விடுமுறையாகவே குறித்துவிடுங்கள். நோம்பி நாளில் வகுப்பு வைத்து வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையால் சுழிப்பதால் யாருக்கும் ஒன்றும் கிடைப்பதில்லை.

காலாண்டு, அரையாண்டு விடுமுறைகளைத் தொட வேண்டாம் என்பது என் கருத்து. அவை சிறியவை, பிள்ளைக்கும் ஆசிரியருக்கும் அந்த ஒரு வாரம் தேவை.

சோறு, தண்ணீர், வழி

பள்ளி நாளில் கிடைக்கும் சத்துணவு விடுமுறையில் நின்றுவிடும். காலையில் வெறும் வயிற்றோடு வரும் பிள்ளைக்கு வாசிப்பு ஏறாது. வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு வழங்க வேண்டும் என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டதுண்டு. ஆகவே விடுமுறையில் பள்ளியில் சோறு போடுவது கேள்விப்படாத காரியமன்று. சமைக்க அனுமதி கிடைக்கவில்லை என்றால், மேலாண்மைக் குழு பொறுப்பேற்று ஒன்பது மணிக்கு ராகிக் கூழ், அவித்த கடலை, நீர்மோர், முட்டை என்று முறை வைத்துக் கொடுக்கலாம். முட்டைக்கு நாம் வெளியூர் போக வேண்டியதில்லை. தமிழ்நாட்டுச் சத்துணவுத் தட்டுகளில் இருக்கும் முட்டையில் பெரும்பகுதி நாமக்கல்லிலிருந்துதான் போகிறது. வரும் பிள்ளைகள் ஒல்லியானவர்கள், ஏழைகள் என்று பேச்சு வராமல், யாருக்கும் தனியாகக் கொடுக்காமல், எல்லோருக்கும் ஒன்றாகப் பந்தியில் வையுங்கள்.

கழிப்பறையைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று முதல் நாளுக்கு முந்திய நாளே பாருங்கள். பெண் பிள்ளைகள் மூன்றாம் நாள் வராமல் நின்றதற்குக் காரணம் தேடி, பூட்டிய கழிப்பறையில் போய் நின்ற அனுபவம் எனக்கு உண்டு. தவறு என்னுடையது.

கற்பிக்கும் முறை

முதல் நாள் வகுப்பு வாரியாக உட்கார வைக்காதீர்கள். நோட்டில் உள்ள நிலைப்படி உட்கார வையுங்கள். எழுத்து தெரியாத ஆறாம் வகுப்புப் பையனும் மூன்றாம் வகுப்புப் பெண்ணும் ஒரே வட்டத்தில் இருப்பார்கள். பெரியவனுக்குக் கூச்சம் வரும். அவனுக்கு அட்டைகளை எடுத்து வைக்கும் பொறுப்பு, கதையில் பாத்திரமாக நடிக்கும் பொறுப்பு என்று ஏதாவது ஒன்றைக் கொடுத்துவிட்டால் இரண்டு நாளில் சரியாகிவிடும். தொடக்க வகுப்புகளுக்கான அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகளைப் பிரிக்கிறார்கள். அந்தப் பெயர்களையே வைத்துக்கொள்ளலாம். பிள்ளைகளுக்கு அவை பழக்கமானவை. வட்டத்துக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து பேர் வரை இருக்கலாம், அதற்கு மேல் வேண்டாம்.

எழுத்து நிலையில் இருக்கும் பிள்ளைக்கு மறுபடியும் அகர வரிசையிலிருந்து 247 எழுத்தையும் ஓதவிடுவதுதான் நாம் செய்யும் பெரிய தவறு. அவன் அ முதல் ஃ வரை பாட்டாகச் சொல்லுவான். நடுவே ஒரு எழுத்தைத் தொட்டுக் காட்டினால் திகைப்பான். ட, ப, ம, ர என்ற நான்கையும் அவற்றின் புள்ளி வைத்த வடிவங்களையும் கற்றுக்கொண்டால் அன்றே படம், மடம், மரம், பட்டம், மட்டம் என்று சொற்களை வாசிக்க முடியும். சொல்லை வாசித்துவிட்ட பிள்ளையின் முகம் மாறுவதை நீங்களே பார்ப்பீர்கள்.

அடுத்து வருவது உயிர்மெய்க் குறிகள். பிள்ளைகள் உண்மையில் தடுமாறும் இடம் இதுதான், நாள்களை இங்கே செலவிடுங்கள். கால், கொக்கி போன்றவை எல்லா எழுத்துக்கும் ஏறத்தாழ ஒரே மாதிரி வருகின்றன. உகர வரிசை அப்படி இல்லை; எழுத்துக்கு எழுத்து உருவம் மாறுகிறது. பதினெட்டையும் வரிசையாகப் போடாமல் உருவத்தைக் கொண்டு மூன்று குடும்பங்களாகப் பிரித்துக் காட்டுங்கள். கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு குடும்பம். ஙு, சு, பு, யு, வு இரண்டாவது. ஞு, ணு, து, நு, லு, று, னு மூன்றாவது. ஒரு நாளைக்கு ஒரு குடும்பம், ஒவ்வொன்றுக்கும் வீட்டிலுள்ள சொல்: குடம், மாடு, முட்டை, எரு, ஏழு, உளுந்து, புளி, நுங்கு என்று அவர்களே தேடிக் கொண்டுவரட்டும். பொருந்தாத சொல்லைச் சொன்னால் எழுதிப் பார்த்து அவர்களே திருத்தட்டும். பிறகு ஒகரமும் ஓகாரமும். கொம்பு எழுத்துக்கு முன்னாலும் கால் பின்னாலும் நிற்பதால், கொடி என்பதைக் கெ என்று தொடங்கி நின்றுவிடுகிற பிள்ளைகள் அதிகம். முன்னும் பின்னும் இரு பிள்ளைகள் கைகோத்து, நடுவில் ஒரு பிள்ளை எழுத்தட்டையைப் பிடித்து நிற்பதாக ஆடிக் காட்டினால் கண்ணில் பதிந்துவிடும்.

சொல்லில் நிற்பவர்களுக்குப் பாடநூல் பத்தியைக் கொடுக்காதீர்கள். முந்திய நாள் அவர்களே சொன்ன கதையை அவர்களுடைய பேச்சிலேயே கரும்பலகையில் எழுதி வாசிக்கச் செய்யுங்கள். “எங்க அப்பாரு பட்டியில வெள்ளாடு குட்டி போட்டுது” என்று ஒரு பிள்ளை சொன்னால், அதை அப்படியே எழுதுங்கள். அப்பாரு தவறு, தாத்தா என்று எழுது என்று திருத்தும் நாள் பிறகு வரும். தான் சொன்ன சொல் கரும்பலகையில் நிற்பதைக் கண்ட பிள்ளை அதை வாசித்தே தீருவாள்.

கணக்குக்கு விளக்குமாற்றுக் குச்சியே போதும். பத்துப் பத்தாக நூலால் கட்டி வையுங்கள். 43-இலிருந்து 27-ஐக் கழிக்கும்போது ஒரு கட்டை அவிழ்த்து மூன்றோடு சேர்க்கிறோம் என்பதைக் கையால் செய்துவிட்ட பிள்ளைக்குக் கடன் வாங்குதல் என்ற சொல் பிறகு பயமுறுத்தாது. பெருக்கலுக்கு முட்டை அட்டையைக் கொண்டுவாருங்கள். ஐந்து வரிசை, வரிசைக்கு ஆறு, ஓர் அட்டைக்கு முப்பது. நான்கு அட்டைக்கு எத்தனை என்று கேளுங்கள். தறிப்பட்டறையில் மீட்டர் கணக்கும், பனியன் கம்பெனியில் டஜன் கணக்கும் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு மனக்கணக்கு நாம் நினைப்பதைவிட அதிகமாகவே வரும். தாளில் எழுதும் முறைதான் தெரியாது. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குக் கொண்டுபோவது ஆசிரியர் வேலை.

வரவைப்பது

நடத்துவதைவிட வரவைப்பது கடினம். உத்தரப் பிரதேசத்தின் ஜான்பூர் மாவட்டத்தில் கிராமத் தன்னார்வலர்கள் நடத்திய வாசிப்பு வகுப்புகளுக்கு வந்த பிள்ளைகள் தெளிவாக முன்னேறினார்கள். ஆனால் அந்த ஊர்களின் பிள்ளைகளில் 8 விழுக்காட்டினரே வந்தார்கள். வராத பிள்ளைக்கு எந்த முறையும் பயன்படாது.

கொங்கு நாட்டில் விடுமுறை என்றால் வேலை என்று ஆகிவிட்ட வீடுகள் உண்டு. பள்ளிபாளையம், குமாரபாளையம், சோமனூர் பக்கத்துத் தறிக் குடித்தனங்களில் பிள்ளை தறிக்கு நூல் தார் சுற்ற உட்கார்ந்துவிடும். திருப்பூரில் பிசிறு வெட்ட வேண்டிய பனியன் பண்டல் வீட்டுக்கே வந்து சேரும். பள்ளிகள் மூடியிருந்த காலத்தில் இந்தப் பழக்கம் இன்னும் இறுகியது. சட்டப்படி 14 வயது நிறையாத பிள்ளையை வேலைக்கு வைக்கக் கூடாது. வீட்டுக் குடும்பத் தொழிலில் உதவுவதற்கு, அதுவும் பள்ளி நேரத்துக்கு வெளியிலோ விடுமுறையிலோ, சட்டம் இடம் தருகிறது. தாயிடம் சட்டத்தைச் சொல்லி மிரட்டுவதால் பிள்ளை வகுப்புக்கு வருவதில்லை, ஒளித்துவைக்கப்படுகிறது. பட்டறைக்காரரிடமும் கம்பெனிக் காண்ட்ராக்டரிடமும் மேலாண்மைக் குழுத் தலைவரே நேரில் போய்ப் பேசட்டும். காலை எட்டு முதல் பத்தரை வரை பிள்ளைகள் பள்ளியில் இருப்பார்கள் என்று ஊரே அறிந்த செய்தியாக்கிவிட்டால், அந்த நேரத்தில் பிள்ளையை வேலையில் வைத்திருப்பவருக்குக் கூச்சம் வரும். தாய் காலை எட்டரை மணி ஷிப்டுக்குப் போகிறவர் என்றால், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் அக்காள்தான் வராமல் நிற்பாள். தம்பியையும் தூக்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள். எங்கள் வகுப்பில் இரண்டு தொட்டில்கள் வேப்பமரத்தில் தொங்கின.

ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து திருப்பூர், கோவை, பெருந்துறைப் பக்கங்களில் வாழும் குடும்பங்களின் பிள்ளைகள் 2020 மே மாதத்தில் ரயிலேறி ஊருக்குப் போய், மீண்டும் வந்தபோது இரு மொழியிலும் எழுத்தை இழந்திருந்தார்கள். அவர்களைத் தமிழ் எழுத்து வட்டத்தில் நேரே உட்கார வைக்காமல், முதல் பத்து நாளும் தமிழ் பேச்சு, பாட்டு, பொருள்களின் பெயர், கணக்கு என்று நடத்துங்கள். கணக்கில் அவர்களில் பலர் முன்னணியில் இருப்பார்கள். அந்த வட்டத்தில் அவர்களை உதவியாளராக்கினால் பேச்சும் தானாக வரும். தாளவாடி மலையில் வீட்டுப்பேச்சு கன்னடமாக இருக்கும் பிள்ளைகளுக்கும் இதே வழிதான்.

உதவிக்கு ஆள் வேண்டுமென்றால், இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்களாக இருந்த பெண்களைத் தேடுங்கள். 2021 அக்டோபரில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் மாலை வகுப்பு நடத்திப் பழகியவர்கள் ஊருக்கு ஒருவராவது இருப்பார்கள். பிள்ளைகளின் வீடும் வீட்டுச் சூழலும் ஆசிரியர்களைவிட அவர்களுக்கே நன்றாகத் தெரியும். அவர்களுடைய உழைப்பை இலவசம் என்று கருதாமல், மேலாண்மைக் குழு ஒரு தொகையை முன்பே பேசி முடிவு செய்ய வேண்டும்.

பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளைப் பற்றிக் கேட்பார்கள். அவர்களுக்கு விடுமுறையில் பாடம் நடத்துவதற்கு நான் ஆதரவில்லை. ஆனால் பத்தாம் வகுப்பு வரை வந்தும் சரளமாக வாசிக்க முடியாத மாணவர் ஒருவர் இருந்தால், மேலே சொன்ன முறையிலேயே அவருக்குத் தனியாக, பிறர் அறியாமல், மாலையில் உதவுங்கள்.

முடிக்கும் விதம்

இருபதாம் நாள், மார்ச்சில் வைத்த அதே சோதனையை அதே மரத்தடியில் மீண்டும் வையுங்கள். கதையும் கணக்கும் மட்டும் வேறாக இருக்கட்டும். பழைய பதிவுக்கு நேரே புதியதை எழுதுங்கள். எங்கள் பள்ளியில் முதல் ஆண்டு வந்தவர்கள் 26 பேர். எழுத்து நிலையிலிருந்த ஒன்பது பேரில் எட்டுப் பேர் சொல்லுக்கு வந்துவிட்டார்கள். ஒரு பையன் வரவில்லை. அவனைத் தனியாக உட்கார வைத்துப் பார்த்தபோதுதான் கரும்பலகை அவன் கண்ணுக்குத் தெரியவில்லை என்பது தெரிந்தது. இப்படி ஒருவர் நகராமல் நின்றால், இன்னும் பத்து நாள் அதே பயிற்சியைக் கொடுப்பதற்கு முன் கண்ணையும் காதையும் சோதிக்க அரசு மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

ஜூன் மாதம் பள்ளி திறக்கும் முதல் நாள், அந்த நோட்டை வகுப்பாசிரியர்களிடம் கையோடு கொண்டுபோய்க் கொடுங்கள். ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கும் நேரே, அவள் எந்த எழுத்துக் குடும்பம் வரை வந்திருக்கிறாள், எந்த இடத்தில் தயங்குகிறாள், எந்தக் கதையைச் சிரித்துக்கொண்டே வாசித்தாள் என்று ஒரு வரியாவது எழுதியிருக்க வேண்டும். அடுத்த நாள் காலையில் அந்த ஆசிரியர் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பது அந்த வரியில் இருக்கும்.